கைச்சக்கரம் கற்பித்த பாடம்

 

சமையற் குறிப்பையும், மருத்துவக் குறிப்பையும், பிள்ளை வளர்ப்பையும் இப்பக்கங்களில் படித்துப் பழகிய நீங்கள், இரும்பைச் சீவும் இயந்திரத்தைப் பற்றி ஒருவன் எழுத வந்துவிட்டானே என்று வியப்படையக்கூடும். சற்றே பொறுமையுடன் படியுங்கள். இது இயந்திரத்தைப் பற்றிய செய்திதான். ஆனால் அந்த இயந்திரத்தின் முன் நின்று என் பேரனிடம் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றிய செய்தியும் ஆகும்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளம் என் ஊர். ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் தொழில் பயின்றேன். திருச்சிக்கு அருகே திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் எழுந்ததையொட்டித் துவாக்குடிப் பக்கம் தோன்றிய சிறு தொழிற்கூடங்களுள் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். பின்னர் ஷார்ஜா சென்று 26 ஆண்டுகள் மில்லிங் இயந்திரத்தின் முன் நின்றேன். 2009ஆம் ஆண்டு ஊர் திரும்பினேன். வெறுங்கையுடன் அமர்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. 2016இல், மேசைமீது வைத்து இயக்கும் சிறு மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நிறுவினேன். “கிழவருக்கு விளையாட்டுப் பொருள் வந்திருக்கிறது” என்று என் துணைவியார் நகைத்தார். அவர் சொன்னதும் ஒருவகையில் உண்மையே.

லேத்தில் இரும்பு சுழலும். வெட்டும் உளி நிற்கும். மில்லிங் இயந்திரத்திலோ பல பற்களுடைய கட்டர் சுழலும். இரும்பு மேசைமீது இறுக்கப்பட்டு அதனை நோக்கி நகர்ந்து வரும். அவ்வாறு நகரும் வேகத்தையே பட்டறையில் ‘ஃபீடு’ என்கிறோம். பாடநூல்கள் ‘ஊட்டம்’ என்கின்றன. ஊட்டம் என்னும் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப்போலக் கட்டருக்கு இரும்பை ஊட்டுகிறோம். அதிகமாகத் திணித்தால் விக்கும். போதாமற் கொடுத்தால் மெலியும்.

தாய்மார்கள் தேங்காய் துருவுவதை எண்ணிப் பாருங்கள். மூடியைத் துருவலகில் மிகவும் அழுத்தினால் பருப்பு கட்டியாகப் பெயர்ந்து வரும். அஞ்சி அஞ்சித் தொட்டால் துருவல் விழாது. பருப்பின் மேற்பரப்பு வழுவழுப்பாகத் தேய்ந்து போகும். அளவான அழுத்தத்தில்தான் பூப்போன்ற துருவல் விழும். இரும்புக்கும் இதுவே நியதி.

என் மகள் வயிற்றுப் பேரன், 2018இல் பதினேழு வயதினன். பள்ளி விட்டதும் நேரே என் கொட்டகைக்குத்தான் வருவான். அவ்வாண்டு அக்டோபர் மாதம் ஒருநாள், நான் வெளியே சென்றிருந்த வேளையில், மைல்டு ஸ்டீல் பட்டை ஒன்றில் பள்ளம் வெட்ட முயன்று, 6 மி.மீ. கட்டர்கள் மூன்றினை ஒன்றன்பின் ஒன்றாக முறித்துவிட்டான். பின்னர் விசாரித்ததில், 3 மி.மீ. ஆழத்தை ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு, கைச்சக்கரத்தை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சுழற்றியிருக்கிறான் என்று தெரிந்தது. ஒரு சுற்றுக்கு மேசை 2 மி.மீ. நகரும். ஆக நிமிடத்திற்கு 240 மி.மீ. அந்தச் சிறு இயந்திரத்திற்கு அது பெருந்தீனி.

நான் அவனைக் கடிந்துகொண்டேன். கட்டரின் விலைக்காக அன்று. என் இடக்கண்ணின் இமையில் ஒரு தழும்பு உண்டு. ஷார்ஜாவில், வேலையை விரைந்து முடிக்கவேண்டும் என்று மேற்பார்வையாளர் ஃபீடைக் கூட்டச் சொன்ன ஒருநாள், கட்டர் சிதறி அதன் துண்டு வந்து தைத்த இடம் அது. நூலிழையில் பார்வை தப்பியது. அந்த அச்சமே அன்று சினமாக வெளிப்பட்டது. “உனக்கு இந்தத் தொழில் வராது. இனி இயந்திரத்தைத் தொடாதே” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டுச் சென்றான். அதன்பின் கொட்டகைப் பக்கம் வரவேயில்லை.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்தில் அது இழைத்த கேட்டை நேரில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை; பல சிற்றூர்களில் வாரக்கணக்கிலும் இல்லை. மின்சாரம் இன்றி ஆழ்துளைக் கிணறு ஏது? தண்ணீர் ஏது? வாடகை ஜெனரேட்டருக்கு ஊர்தோறும் போட்டியாயிற்று.

எங்கள் தெருவுக்கு அருகே ஒரு பழைய திறந்த கிணறும், அதன்மீது ஒரு டீசல் எஞ்சின் பம்பும் இருந்தன. எல்லாரும் மறந்துபோயிருந்த அந்தப் பம்பே எங்களுக்குத் துணையாயிற்று. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால், எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் சாவி அறுந்து, பம்புத் தண்டில் இருந்த சாவிப் பள்ளம் சிதைந்திருந்தது. புதுக்கோட்டைப் பட்டறைகளிலும் மின்சாரம் இல்லை. “உங்கள் இயந்திரத்தில் முடியுமா?” என்று தெருவார் என்னைக் கேட்டனர்.

முடியும். பழைய பள்ளம் சிதைந்தால், அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் புதிய பள்ளம் வெட்டிக்கொள்வது பட்டறை வழக்கம். தண்டு 20 மி.மீ. விட்டமுடையது. அதற்குரிய சாவி 6 மி.மீ. அகலம், தண்டில் பள்ளத்தின் ஆழம் 3.5 மி.மீ.; நீளம் 30 மி.மீ. வைத்துக்கொண்டேன். இரவலாகக் கிடைத்த சிறு ஜெனரேட்டரில் இயந்திரத்தை இணைத்தேன். ஆனால் என்னிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு 6 மி.மீ. கட்டர். இரு பற்களுடையது. அது முறிந்தால் வேறில்லை. குடங்களுடன் தெருவே காத்திருந்தது.

இயந்திரத்தைச் சுற்றி நின்றவர்களுள் என் பேரனும் இருந்தான். அழைக்காமலே வந்து, ஒதுங்கி நின்றான்.

நான் கைச்சக்கரத்தைப் பிடித்தேன். வாசகர்களே, என் கை நடுங்கியது. இந்த ஒரு கட்டர் போய்விட்டால் என்ன செய்வது என்ற எண்ணத்திலேயே, மிக மிக மெதுவாகச் சுழற்றினேன். சீவல் விழவில்லை. கரும்பொடிதான் உதிர்ந்தது. கிறீச்சென்ற ஓசை எழுந்தது. எண்ணெய் புகைந்தது. இன்னும் மெதுவாகச் சுழற்றினேன். ஓசை கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

“நன்னா, அது வெட்டவில்லை, தேய்கிறது” என்றான் பேரன்.

“சும்மா இரு” என்றேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. தன் கைபேசியில் நேரம் பார்த்துவிட்டு, கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கணக்கெழுதத் தொடங்கினான். “ஒரு சுற்றுக்கு 20 நொடி எடுக்கிறீர்கள். நிமிடத்திற்கு மூன்று சுற்று, அதாவது 6 மி.மீ. கட்டர் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,050 முறை சுழல்கிறது. பல் இரண்டு. ஆக, ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.003 மி.மீ.கூட இல்லை, நன்னா!”

இயந்திரத்தை நிறுத்தினேன். கட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பற்களின் முனைகள் இரண்டும் மழுங்கிப் பளபளத்தன. வேகமாகச் சுழற்றி அவன் மூன்று கட்டர்களை அழித்தான். மெதுவாகச் சுழற்றி நான் நான்காவதை அழித்திருந்தேன்.

எவ்வளவு கூரிய கட்டராயினும் அதன் விளிம்பு ஓர் அணுக்கோடு அன்று. உருப்பெருக்கியில் பார்த்தால் சிறிய உருண்டை முனையாகவே தெரியும். ஒரு பல் எடுக்கவேண்டிய சீவலின் தடிப்பு அந்த உருண்டையைவிடக் குறைந்தால், பல் இரும்பினுள் இறங்காது. மேலே உராய்ந்து செல்லும். உராய்வினால் வெப்பம், வெப்பத்தினால் மழுக்கம், மழுக்கத்தினால் இன்னும் உராய்வு. துருப்பிடியா எஃகு போன்றவற்றில் உராயப்பட்ட மேற்பரப்பு மேலும் கடினமாகி, அடுத்த பல்லையும் கெடுக்கும். முறையாக வெட்டும்போது வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவலே சுமந்துகொண்டு வெளியேறும். சீவல் இல்லையேல் அவ்வெப்பத்திற்குப் போக்கிடமில்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையா? முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தவையே. பின் ஏன் பிழைத்தேன் என்று பலநாள் சிந்தித்திருக்கிறேன். தொழிற்சாலையின் பெரிய இயந்திரத்தில் ஃபீடுக்கென்று தனியே கியர்ப்பெட்டி உண்டு. தகட்டில் பொறித்த எண்களைப் பார்த்து நெம்புகோலை வைத்தால், மேசை தானே நகரும். நான் அஞ்சினாலும் அது அஞ்சாது. வீட்டுச் சிறு இயந்திரத்திலோ என் கைதான் கியர்ப்பெட்டி. ஆகவே என் உள்ளத்தின் அச்சம் நேராகக் கட்டரின் முனைக்கே சென்றுவிட்டது.

பெட்டியைத் துழாவியதில் 5 மி.மீ. கட்டர் ஒன்று அகப்பட்டது. அதுவும் இரு பற்களுடையதே. பேரனை அருகே அழைத்தேன். “கணக்கை நீயே போடு, சக்கரத்தையும் நீயே பிடி” என்றேன். அவன் தயங்கினான். அங்கிருந்தோர் அனைவரும் கேட்கும்படியே சொன்னேன்: “அன்று நான் சொன்னது தவறு. வேகம் எவ்வளவு என்று உனக்குக் கற்றுக்கொடுக்காமலே உன்னை விரட்டிவிட்டேன்.” எழுபதை நெருங்கும் வயதில், தெருவார் முன்னிலையில் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் மேசைமீதிருந்த கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டான்.

அவன் சுவரில் எழுதிய கணக்கினை உங்களுக்கும் தருகிறேன். முதலில் சுழற்சி. உலோகத்திற்குரிய வெட்டு வேகத்தை நிமிடத்திற்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 1,000ஆல் பெருக்கி, கட்டரின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கிவந்த தொகையால் வகுக்கவேண்டும். அந்தத் தண்டு ஈ.என்.8 வகை எஃகு. ஹெச்.எஸ்.எஸ். கட்டருக்கு நிமிடத்திற்கு 20 மீட்டர் போதும். 20,000ஐ 15.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,270 வரும். 1,250 சுற்றில் வைத்தான். அடுத்து ஃபீடு. ஒரு பல்லுக்கு 0.015 மி.மீ., பல் 2, சுற்று 1,250. பெருக்கினால் நிமிடத்திற்கு 37.5 மி.மீ. சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் கைச்சக்கரத்தில் அது ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒரு சுற்று. ஆழத்தை அரை அரை மி.மீ.யாக ஏழு தடவையில் எடுத்தான்.

“ஒன்று, இரண்டு, மூன்று” என்று நான் எண்ண, அவன் சுழற்றினான். கிறீச்சொலி இல்லை. ஒரே சீரான முணுமுணுப்பு. நகம் வெட்டினாற்போல் சின்னஞ்சிறு பிறைச் சீவல்கள் உதிர்ந்தன.

பின் 5 மி.மீ. பள்ளத்தை 6 ஆக்குவதற்கு, இருபுறமும் அரை மி.மீ. சீவவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கட்டர் தன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே உலோகத்தினுள் புகும்போது, ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவலின் தடிப்பு நாம் கணக்கிட்டதில் பத்தில் ஆறு பங்காகவே அமையும். ஆதலால் முன்னைய வேகத்திலேயே சென்றால் மீண்டும் உராய்வை நோக்கிச் செல்வோம். அதனை ஈடுசெய்ய ஃபீடை நிமிடத்திற்கு 62 மி.மீ. அளவிற்கு உயர்த்தினோம், அதாவது இரண்டு நொடிக்கு ஒரு சுற்று. குறைவாக வெட்டும்போது வேகமாகச் செல்லவேண்டும் என்பது முதற்கேள்வியில் முரணாகத் தோன்றும். ஆயினும் கணக்கு அதுதான்.

அன்று மாலை பம்பு ஓடிற்று. குடங்கள் நிரம்பின. அல்ஹம்துலில்லாஹ்.

உலோகம் வெட்டும் எவரையும் வாட்டும் கேள்வி இது என்பதை நினைவூட்டவே இன்னொரு செய்தியைச் சொல்கிறேன். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர், ஃபிலடெல்ஃபியா நகரின் மிட்வேல் எஃகு ஆலையில் 1880இல் தொடங்கி, எந்த உளி, எந்த வேகம், எந்த ஃபீடு என்ற கேள்விகளுக்கு விடைகாண 26 ஆண்டுகள் ஆய்வு செய்தார். எட்டு இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட இரும்பும் எஃகும் அவ்வாய்வுகளில் சீவலாயின. 1906இல் தம் முடிவுகளை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். லேத்து உளிகளைக் கொண்டு அவர் கண்ட உண்மை இன்றும் நமக்குப் பயன்படுகிறது. உளியின் ஆயுளை மிக அதிகமாகக் குறைப்பது வெட்டு வேகமே. ஃபீடின் தாக்கம் அதைவிடக் குறைவு. ஆழத்தின் தாக்கம் இன்னும் குறைவு. ஆகவே உளி சூடேறி மழுங்குகிறது என்றால், முதலில் குறைக்கவேண்டியது சுழற்சியை, ஃபீடை அன்று. சிறு இயந்திரம் அதிர்கிறது என்றாலும் சுழற்சியையோ ஆழத்தையோ குறையுங்கள். பல்லுக்குரிய சீவலைப் பறித்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய சிறு இயந்திரம் வைத்திருக்கும் இளைஞர் இருக்கலாம். அவர்களுக்காகச் சில அளவுகளைத் தருகிறேன். ஹெச்.எஸ்.எஸ். கட்டருக்கு நிமிடத்திற்கு அலுமினியத்தில் 60 முதல் 90 மீட்டர், பித்தளையில் 45 முதல் 60, மைல்டு ஸ்டீலில் 25 முதல் 30, வார்ப்பிரும்பில் 20, துருப்பிடியா எஃகில் 15 மீட்டர் என்ற அளவில் தொடங்கலாம். பல்லுக்குரிய சீவல், 3 மி.மீ. கட்டருக்கு 0.005 முதல் 0.01 வரை, 6 மி.மீ. கட்டருக்கு 0.015 முதல் 0.03 வரை, 10 மி.மீ. கட்டருக்கு 0.03 முதல் 0.05 மி.மீ. வரை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் வடிவமைப்புத் தரவு நூலை நம் பிள்ளைகள் பலர் வைத்திருப்பர். அத்தகைய நூல்களும் கட்டர் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளும் உறுதியான பெரிய இயந்திரங்களை மனத்திற்கொண்டு எழுதப்படுபவை. சிறு இயந்திரத்தின் உடல் வளைந்துகொடுக்கும். அதற்காகக் குறைக்கவேண்டியது ஆழத்தையும் அகலத்தையும்தான்.

இன்னும் சில. கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே இரும்பை ஊட்டுங்கள். சிறு இயந்திரத்தின் திருகுத் தண்டில் ஆட்டம் இருப்பதால், உடன்திசையில் ஊட்டினால் கட்டர் மேசையைத் தன்பால் இழுத்து, நீங்கள் கேளாத தீனியைத் தானே எடுத்துக்கொள்ளும். அலுமினியத்திற்குச் சிறிது மண்ணெண்ணெயும், எஃகிற்கு வெட்டெண்ணெயும் தொட்டு வையுங்கள். சீவலைக் கையால் தள்ளாமல் தூரிகையால் அகற்றுங்கள். கையுறையோ, தளர்ந்த சட்டைக்கையோ, தொங்கும் துப்பட்டாவோ சுழலும் கட்டரின் அருகே வரலாகாது. கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தை இயக்கவே இயக்காதீர்கள். என் இமைத் தழும்பு இதற்குச் சாட்சி.

எஃகில் சீவல் வெள்ளியாகவோ இளமஞ்சளாகவோ வரவேண்டும். நீலம் கண்டால் சுழற்சி மிகுதி. பொடி கண்டால் ஃபீடு போதாது. (வார்ப்பிரும்பும் பித்தளையும் இயல்பாகவே பொடியாக உதிர்வன, அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது.) கட்டர் அதிர்ந்து இடித்தால் ஆழம் மிகுதி. எண்கள் தொடக்கம் மட்டுமே; முடிவைச் சொல்ல வேண்டியவை சீவலும் ஓசையுமே.

என் பேரன் பின்னர் பாலிடெக்னிக்கில் பயின்று, இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணினி இயக்கும் மில்லிங் இயந்திரத்தில் பணிபுரிகிறான். அங்கே ஃபீடு என்பது நிரலில் எழுதப்படும் ஓர் எண். சென்ற பெருநாளுக்கு வந்திருந்தபோது கொட்டகைச் சுவரைக் காட்டிச் சிரித்தான். அவன் எழுதிய சுண்ணக் கணக்கை நான் இன்னும் அழிக்கவில்லை. இப்போது அவன் தங்கை, பத்தாம் வகுப்பு மாணவி, முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு கண்ணாடியணிந்து இயந்திரத்தின் முன் நிற்கிறாள். “பெண்பிள்ளைக்கு இது எதற்கு?” என்று என் துணைவியார் முதலில் கேட்டார். பின்பு மிக்ஸியின் உடைந்த பித்தளைப் புதரை அவள் சரிசெய்து கொடுத்தபின் கேட்பதை விட்டுவிட்டார்.

அவள் இதுவரை இரண்டு கட்டர்களை முறித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் கேட்பது ஒன்றே: “ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி எடுத்தாய், அம்மா?” அவள் சொல்வாள். இருவரும் சுவரருகே சென்று கணக்குப் போடுவோம். அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை எதையேனும் முறித்துவிட்டு உங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்போது, கடிந்துகொள்வதற்கு முன் இத்தகைய ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை 2018 அக்டோபரில் நான் கேட்டிருந்தால், ஒரு மாதம் அவன் என் கொட்டகைக்கு வராமல் இருந்திருக்கமாட்டான். அந்த ஒரு மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.